வான்கோழிக்கு மூன்று நாள் வேண்டும்

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தீபாவளிக்கு முந்திய நாள் காலையில் தேக்கா சந்தைப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். ஆட்டிறைச்சிக் கடைகளின் முன்னால் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கூட்டத்தில் இருக்கும் மூத்த பெண்களுக்கு இறைச்சி வாங்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கொழுப்பின் நிறத்தைப் பார்ப்பார்கள், எலும்பின் முனையைப் பார்ப்பார்கள். "தம்பி, தொடையில வெட்டு. நெஞ்செலும்பு கொஞ்சம் சேர்த்துப் போடு. ஈரல் இருக்கா?" என்று கேட்டு, ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து மஞ்சள்தூள் போட்டு அலசி அடுப்பில் ஏற்றினால், மதியத்துக்குள் குழம்பு தயார். காலையில் வாங்கியது மதியம் இலையில். இதுதான் தலைமுறை தலைமுறையாக வந்த கணக்கு.

அதே பெண்மணி டிசம்பர் மாதத்தில் பேரங்காடியின் உறைபெட்டி முன்னால் நிற்பதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். உள்ளே ஐந்து கிலோ எடையில், கல்லைப் போல உறைந்து, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பறவை கிடக்கிறது. கொழுப்பின் நிறம் தெரியாது. அழுத்திப் பார்க்க முடியாது. தொடையில் வெட்டு என்று சொல்ல அங்கே தம்பியும் இல்லை. நாற்பது ஆண்டு அனுபவம் அந்த ஒரு நொடியில் பயனற்றுப் போகிறது. இதற்காக அவர் வெட்கப்பட வேண்டியதே இல்லை. வான்கோழி வேறொரு கணக்கில் நடக்கும் பறவை. ஆட்டிறைச்சிக்கு மணிக் கணக்கு, வான்கோழிக்கு நாள் கணக்கு. இது தெரியாமல்தான் பல வீடுகளில் கிறிஸ்மஸ் விருந்து வயிற்றுக் கோளாறில் முடிகிறது.

தமிழருக்கும் வான்கோழிக்கும் உள்ள உறவே கொஞ்சம் விநோதமானது. பள்ளியில் மூதுரை படித்தவர்களுக்கு, மயிலின் ஆட்டத்தைப் பார்த்துத் தன்னையும் மயிலாக எண்ணிக்கொண்ட அந்தப் பறவையின் நினைவுதான் முதலில் வரும். சமையல் நினைவு வராது, கேலிதான் வரும். பாட்டில் வருவது இன்று கடையில் கிடைக்கும் பறவைதானா என்பது புலவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. கடையில் கிடைக்கும் வான்கோழி மெக்சிகோவில் பழக்கப்படுத்தப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன பறவை. 1612இல் மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்குக் கோவாவிலிருந்து ஒரு வான்கோழியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் வியந்துபோய், அரசவை ஓவியர் மன்சூரை அழைத்துப் படம் வரையச் சொன்னார். அந்த ஓவியம் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருளகத்தில் இருக்கிறது.

எந்த நாட்டுக்காரரும் இதைத் தங்கள் பறவை என்று சொல்வதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. ஆங்கிலேயர் இதைத் துருக்கி என்றார்கள். துருக்கியரோ இந்தியா என்ற பொருளில் 'ஹிந்தி' என்கிறார்கள். சிங்கப்பூரில் மலாய்க்காரர்கள் 'ஆயாம் பெலாண்டா', அதாவது டச்சுக்காரர் கோழி என்கிறார்கள். சீனர்களுக்கு இது நெருப்புக் கோழி. எல்லாருக்கும் விருந்தாளி, யாருக்கும் சொந்தம் இல்லை. ஒருவகையில் இதுவே சிங்கப்பூர் விருந்து மேசைக்கு இதைப் பொருத்தமானதாக ஆக்குகிறது.

ஏனென்று பாருங்கள். செங்காங்கில் நான்கறை வீவக வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாமியார் இந்து, மாட்டிறைச்சி வீட்டுக்குள் நுழையாது. மருமகள் தமிழ்க் கத்தோலிக்கர். ஓஃபிர் சாலையில் 1888இல் கட்டப்பட்ட லூர்து மாதா ஆலயத்துக்குச் சிறு வயதிலிருந்தே போய்வருபவர். எதிர்வீடு மலாய்க் குடும்பம், ஹரி ராயாவுக்கு ரெண்டாங் கொடுத்து அனுப்புவார்கள். மகனின் அலுவலக நண்பர்கள் சீனர்கள். கிறிஸ்மஸ் அன்று இந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். மாடு ஆகாது, பன்றி ஆகாது. கோழி தினமும் சாப்பிடுவது, அதில் பண்டிகை இல்லை. இந்த மேசையில் இருப்பவர்களின் சமயம் எதிலும் வான்கோழிக்குத் தடை இல்லை.

ஆனால் பறவைக்குத் தடை இல்லை என்பதாலேயே விருந்துக்கும் தடை இல்லை என்று ஆகிவிடாது. அண்டை வீட்டார் சாப்பிட வேண்டுமானால் உறையின்மேல் ஹலால் முத்திரை இருக்க வேண்டும். இறக்குமதியான பொருளில் வெளிநாட்டு அமைப்பு ஒன்றின் முத்திரைதான் இருக்கும். அந்த அமைப்பை முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் அங்கீகரித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதோடும் முடிவதில்லை. ஆயத்தமாக வாங்கும் வான்கோழியின் வயிற்றுக்குள் பன்றித் தொத்திறைச்சி அடைத்திருக்கலாம், மேலே பேக்கன் சுற்றியிருக்கலாம், சாற்றில் ஒயின் ஊற்றியிருக்கலாம். குழம்புக்குப் போடும் சூப்புக் கட்டி மாட்டெலும்பில் செய்ததாக இருக்கலாம். அது மாமியாருக்கே ஆகாது. வீட்டு ஓவன் தட்டில் முன்பு பன்றியிறைச்சி வாட்டியிருந்தால், ஹலால் பறவையை அதில் வைத்து என்ன பயன்? சந்தேகம் இருந்தால் அண்டை வீட்டாரிடமே முன்கூட்டிப் பேசிவிடலாம். சாப்பிடாமல் தட்டை வெறுமனே கையில் வைத்துக்கொண்டு சிரிக்கும் விருந்தாளியைவிட, முன்பே கேட்கப்படும் ஒரு கேள்வி எவ்வளவோ மேல்.

இனி வாங்கும் விஷயம். சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு. வான்கோழி பெரும்பாலும் உறைந்த நிலையில்தான் வந்துசேர்கிறது. தூரத்தில் நடப்பது இங்கே விலையில் தெரியும். 2022இல் அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் பரவி மில்லியன் கணக்கான வான்கோழிகள் அழிந்தபோது விலை எகிறியது. ஆகையால் டிசம்பர் மூன்றாம் வாரம்வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

எவ்வளவு பெரியது வாங்குவது? எலும்போடு சேர்த்து ஓர் ஆளுக்குச் சுமார் அரைக் கிலோ என்பது அமெரிக்கர்களின் கணக்கு. ஆனால் அவர்கள் மேசையில் பிரியாணி கிடையாது, கத்திரிக்காய்ச் சம்பாலும் மீன் பொரியலும் கிடையாது. பத்து வகைக் கறி இருக்கும் தமிழ் வீட்டில் பன்னிரண்டு பேருக்கு நான்கு அல்லது ஐந்து கிலோ பறவை தாராளம். கடையில் எட்டுக் கிலோ பறவையைப் பார்த்ததும் கௌரவம் தலைதூக்கும். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, வீட்டிலிருந்தே அளவு நாடாவில் ஓவனின் உயரத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு போவது உத்தமம். மேசைமேல் வைக்கும் சிறிய ஓவனில் பெரிய பறவை நுழையவே நுழையாது. நுழைந்தாலும் மேல்கம்பியில் முதுகு இடித்துக் கருகும்.

உறையைப் படிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். பல வான்கோழிகளுக்கு ஆலையிலேயே உப்பு நீர் ஏற்றியிருப்பார்கள். எத்தனை விழுக்காடு என்று உறையிலேயே போட்டிருக்கும். அது தெரியாமல் வழக்கம்போலக் கை நிறைய உப்பைப் போட்டு மசாலா தடவினால், அன்றைக்கு எல்லாரும் தண்ணீர்தான் குடிப்பார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பனி விலகுவது. "என்னம்மா இது, கல்லு மாதிரி இருக்கு? ராத்திரி சிங்க்ல எடுத்துப் போட்டுட்டா காலையில இளகிடும்ல?" என்று மாமியார் கேட்கிறார். கோழியை அப்படித்தான் செய்து பழக்கம். "இல்லைங்கத்தை, இதை இன்னிக்கே கீழே இறக்கி ஃபிரிட்ஜுக்குள்ள வச்சிடணும்" என்கிறார் மருமகள். நாள்காட்டியில் டிசம்பர் 21 என்றிருக்கிறது. மாமியாருக்குச் சிரிப்பு. 25ஆம் தேதி சமையலுக்கு 21ஆம் தேதியே இறைச்சியை எடுத்து வைப்பவர் உண்டா?

மருமகள் சொல்வதுதான் சரி. குளிர்பதனப் பெட்டிக்குள், 4 டிகிரி செல்சியசில், ஏறக்குறைய இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் என்ற கணக்கில்தான் வான்கோழியின் பனி விலகும். ஐந்து கிலோவுக்கு இரண்டரை நாள், பாதுகாப்பாக மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 21 காலையில் இறக்கினால் 24 காலையில் இளகியிருக்கும். அன்று மசாலா தடவி, மீண்டும் குளிரில் வைத்து, நள்ளிரவுப் பூசைக்குப் போய்வந்து, 25 காலையில் அடுப்பில் ஏற்றலாம். இளகிய பிறகு ஒன்றிரண்டு நாள் தாங்கும், அதற்குமேல் தாங்காது.

சிங்க்கில் ஏன் போடக்கூடாது? சிங்கப்பூர் சமையலறை இரவிலும் 28 டிகிரி இருக்கும். கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். பெரிய பறவையில் வெளித்தோல் சில மணி நேரத்திலேயே அந்த வெப்பத்துக்கு வந்துவிடும். உள்ளே வயிற்றுப் பகுதியோ இன்னும் பனிக்கட்டிதான். நடுப்பகுதி இளகும்வரை காத்திருந்தால் மேற்பகுதி இரவு முழுவதும் கிருமிக்கு விருந்து வைத்திருக்கும். சிறிய கோழியில் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை, நேரம் குறைவு என்பதால் தப்பித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

மறந்துபோய் 24ஆம் தேதிதான் நினைவு வந்தது என்றால் வழி இல்லாமல் இல்லை. உறை பிரிக்காமல் பெரிய வாளியில் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். அரைக் கிலோவுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் ஐந்து கிலோவுக்கு ஐந்து மணிக்கு மேல் ஆகும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய முறை அது. சிங்கப்பூர்க் குழாயில் வருவதைக் குளிர்ந்த நீர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஐஸ் கட்டி போட்டுத்தான் ஆகவேண்டும். அப்படி இளகியதை உடனே சமைத்துவிட வேண்டும், திரும்பவும் பெட்டியில் வைத்து நாளை பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் இடம் வேண்டுமே என்பது அடுத்த கவலை. பண்டிகை வாரத்தில் அங்கே கேக்கும் குளிர்பானமும் அரைத்த மசாலாவும் அடைத்துக்கொண்டிருக்கும். குளிர்பானத்தை வெளியே எடுத்து ஐஸ் பெட்டியில் போடுங்கள், அதற்கு ஒன்றும் ஆகாது. பறவை விளிம்புள்ள தட்டில், ஆகக் கீழ்த்தட்டில் இருக்கட்டும். அதிலிருந்து வடியும் நீர் கீழே இருக்கும் பழத்திலும் கேக்கிலும் சொட்டக்கூடாது.

சொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு கசப்பான நினைவு உண்டு. 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் சாப்பிட்ட 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், இருவர் இறந்துபோனார்கள். சமைக்காத கடலுணவிலிருந்த கிருமி சமைத்த உணவுக்குத் தாவியதே காரணமாகக் கூறப்பட்டது. அங்கே வான்கோழி இல்லை. ஆனால் பச்சையும் சமைத்ததும் ஒன்றோடொன்று படக்கூடாது என்ற பாடம் எல்லாச் சமையலறைக்கும் ஒன்றுதான்.

இங்கேதான் மாமியாரின் மனத்தைப் புண்படுத்தக்கூடிய ஒரு விஷயம் வருகிறது. பச்சை இறைச்சியைக் குழாயடியில் கழுவ வேண்டாம் என்பது உணவுப் பாதுகாப்பு வல்லுநர்களின் கருத்து. கழுவினால் கிருமி போகாது, தண்ணீரோடு தெறித்து சிங்க்கிலும் பக்கத்தில் இருக்கும் வெள்ளரிக்காய்த் தட்டிலும் போய் உட்காரும். வெந்த பிறகுதான் கிருமி சாகும். மஞ்சள் தண்ணீரில் மூன்று முறை அலசாத இறைச்சியை உண்ணமாட்டேன் என்பவர்களிடம் இதைச் சொன்னால் சண்டைதான் வரும். சண்டை வேண்டாம் என்பவர்கள் ஒரு நடுவழியைப் பார்க்கலாம். ஓடும் குழாயைத் திறக்காமல், ஆழமான பாத்திரத்தில் நீர் நிரப்பி மெதுவாக முக்கி எடுத்து, உறிஞ்சுதாளால் ஒற்றிவிட்டு, சிங்க்கையும் சுற்றுப்புறத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, சாலட் வெட்டும் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடலாம். மஞ்சளை மசாலாவில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

வயிற்றுக்குள் கையை விட்டுப் பார்க்க மறக்க வேண்டாம். கழுத்தையும் ஈரலையும் கல்லீரல் பக்கத்துப் பாகங்களையும் ஒரு சிறு பையில் போட்டு உள்ளே வைத்திருப்பார்கள். முதல்முறை சமைப்பவர்கள் பையோடு சேர்த்துச் சுட்டுவிடுவது உலகம் முழுக்க நடப்பதுதான். எடுத்து மிளகு போட்டு வறுத்தால், விருந்துக்கு முன்பே சமையலறையில் காலியாகிவிடும்.

இப்போது கத்தியைக் கையில் எடுக்கும் கட்டம். திரைப்படங்களில் பார்த்த முழு வான்கோழி, பொன்னிறத்தில், தட்டு நிறைய உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பலருக்கும் ஆசை. படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும். வாய்க்கு அவ்வளவு நன்றாக இருப்பதில்லை. காரணம் பறவையின் உடம்பிலேயே இருக்கிறது. மார்பு கொழுப்பில்லாத சதை, 74 டிகிரியைத் தாண்டிக்கொண்டே போனால் மரத்தூள் மாதிரி ஆகிவிடும். கால் நடந்து நடந்து இறுகிய சதை, 80 டிகிரியைத் தாண்டினால்தான் இளகும். இரண்டையும் ஒரே ஓவனில் ஒரே நேரத்தில் வைத்து இரண்டும் சரியாக வர வேண்டும் என்றால், அது மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே அளவில் காரம் போடுவதைப் போன்றது.

ஆட்டை யாராவது முழுதாகக் குழம்பு வைக்கிறார்களா? தொடை ஒரு கறி, நெஞ்செலும்பு ஒரு கறி, ஈரல் தனி. தேக்காவில் கற்ற அந்தப் பாடத்தை இங்கே பயன்படுத்தத் தயங்க வேண்டாம். இளகிய வான்கோழியின் கால்களை மூட்டில் வெட்டி எடுத்துவிடுங்கள். மார்பை எலும்போடு அப்படியே விடுங்கள். மார்புக்கு இஞ்சி, பூண்டு, சோம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், கொஞ்சம் தயிர் கலந்து, தோலை மெல்லத் தூக்கி அதற்குக் கீழே தடவுங்கள். கூடவே ஒரு கரண்டி நெய்யும் வைத்தால் சதை காயாது. தோலுக்கு மேலே மசாலாவை அப்பினால் சதை வேகுமுன் மசாலா கருகும். 165 டிகிரி ஓவனில், நிறம் வந்ததும் அலுமினியத் தாள் மூடி, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வெப்பமானியால் சோதிக்கத் தொடங்கலாம்.

கால்கள் குழம்புக்கு. கோழிக்குழம்பு நினைப்பில் அரை மணியில் இறக்கிவிடக்கூடாது, ஆட்டிறைச்சிக்குக் கொடுக்கும் நேரத்தைக் கொடுக்க வேண்டும். பட்டை, கிராம்பு, வறுத்து அரைத்த மல்லி, கடைசியில் தேங்காய்ப்பால். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: வான்கோழியின் கீழ்க்காலில் இருக்கும் தசைநாண்கள் எலும்பைப் போலக் கெட்டியாகி, குச்சி குச்சியாக இருக்கும். பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது மீன்முள் எடுப்பதைப் போல எடுத்துவிட்டுப் போடுவது நல்லது.

பிரியாணி செய்பவர்களும் அப்படித்தான், இறைச்சியை மசாலாவில் முக்கால் பதம் வேகவிட்டு அதன்பிறகே அரிசியோடு தம் போட வேண்டும். தமிழ்நாட்டில் வான்கோழி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே அது துண்டுகளாகித்தான் அடுப்புக்கு வரும், பிரியாணியோ குழம்போ. சென்னை நந்தனத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் 'நந்தனம் வான்கோழி 1' என்ற வகையை உருவாக்கியது. நாட்டுக் கறுப்பு வான்கோழியோடு 'பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை' என்ற அமெரிக்க வகையைக் கலந்து பிறந்தது அது. அந்தப் பெல்ட்ஸ்வில் வகையின் கதை இன்னும் சுவையானது. 1930களில் அமெரிக்க வேளாண் துறை அதை உருவாக்கத் தொடங்கியதே, சிறிய குடும்பத்துக்கும் சிறிய அடுப்புக்கும் பெரிய பறவை பொருந்தவில்லை என்று இல்லத்தரசிகள் சொன்னதால்தான். செங்காங் சமையலறையின் பிரச்சினை அமெரிக்காவிலும் இருந்திருக்கிறது.

முழுதாகத்தான் வேண்டும் என்பவர்களைத் தடுக்க முடியாது. அப்படியானால் ஐந்து கிலோ பறவைக்கு 165 டிகிரியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். வயிற்றுக்குள் எதையும் அடைக்க வேண்டாம், அடைப்பதைத் தனியாகச் சமைத்துப் பக்கத்தில் வைக்கலாம். வெந்ததா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் தமிழ்ச் சமையலறையின் பழக்கம். வான்கோழியில் அது ஏமாற்றும். வெந்த சதையும் சில நேரம் இளஞ்சிவப்பாக இருக்கும், வேகாத சதையும் சில நேரம் வெள்ளையாக இருக்கும். தொடையின் தடித்த இடத்திலும் மார்பிலும் எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்தி, 74 டிகிரி காட்டினால்தான் வெந்தது. கேக் பொருள்கள் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். பறவையின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. இறக்கிய பிறகு இருபது நிமிடம் தொடாமல் வைத்திருந்து வெட்டினால் சாறு தட்டில் ஓடாது.

ஓவனே இல்லை, நேரமும் இல்லை என்பவர்கள் சமைத்ததை வாங்கட்டும், அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் எத்தனை மணிக்குச் சமைத்தது என்று கேட்டு வாங்க வேண்டும். சிங்கப்பூரில் கேட்டரிங் உணவோடு சமைத்த நேரத்தையும் எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுப்பார்கள். நான்கு மணி நேரம்தான் அந்தக் கெடு. வீட்டில் சமைத்தவர்களுக்கு யாரும் சீட்டு ஒட்டுவதில்லை. திறந்த இல்ல விருந்தில் பதினோரு மணிக்கு ஒரு குழு வரும், மூன்று மணிக்கு இன்னொரு குழு, ஆறு மணிக்கு மாமா குடும்பம். மேசையிலேயே நாள் முழுக்க வைத்திருக்கும் வழக்கத்தை விட்டு, பாதியை முதலிலேயே வெட்டிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, அடுத்த குழு வந்ததும் ஆவி பறக்கச் சூடாக்கித் தரலாம். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, மாமா வந்தாலும் வேண்டாம்.

26ஆம் தேதி காலையில் அந்த வீட்டில் மிச்சம் இருப்பது எலும்புக்கூடு மட்டும். மருமகள் அதைக் குப்பையில் போடப் போகிறார். "இரும்மா, அதை ஏன் போடுறே?" என்று மாமியார் வாங்கிக்கொள்கிறார். பெரிய பானையில் போட்டு, மிளகும் சீரகமும் தட்டி, பூண்டு நசுக்கி, இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, கொத்தமல்லித்தழை தூவி இறக்குகிறார். தேக்காவில் நாற்பது ஆண்டு ஆட்டெலும்பு வாங்கிய கை அது. எதிர்வீட்டுக்கு ஒரு மூடி போட்ட பாத்திரம் போகிறது.